மருந்து லைசென்ஸ் ரத்து: தப்பு நடந்ததா இல்லையா, யார் நிரூபிக்க வேண்டும்?

2020 ஜூன் மாதம். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே உள்ள கொக்கிலமேடு மீனவர் குப்பத்தில் சீல் வைத்த டிரம் ஒன்று கரை ஒதுங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே சீன எழுத்துகள் அச்சிட்ட டீத்தூள் பாக்கெட்டுகள். போலீசுக்குத் தகவல் போனது. சோதித்துப் பார்த்ததில் அது டீத்தூளே இல்லை, மெத்தாம்பெட்டமைன் என்கிற போதைப்பொருள் என்று தெரிந்தது. மொத்தம் சுமார் 78 கிலோ.

ஒரு பேச்சுக்கு, அந்த டிரம்மிலிருந்து ஒரு பாக்கெட்டை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெத்தாம்பெட்டமைன் 50 கிராம் இருந்தாலே சட்டத்தின் கண்ணில் அது 'வணிக அளவு'. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஜாமீன் கிடைப்பதும் லேசில்லை. "டீத்தூள்னு நினைச்சுதான் சார் எடுத்தேன்" என்று அவர் சொல்லலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான்.

சாதாரண வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது போலீசின் வேலை. போதைப்பொருள் வழக்கில் இது பாதி தலைகீழாகிறது. இந்த விஷயம் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்துக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. அங்கே கடத்தல்காரர் யாரும் இல்லை. லைசென்ஸ் வாங்கி மருந்து விற்கிற கடைக்காரரும், புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கொடுக்கிற ஆஸ்பத்திரியும்தான் இருக்கிறார்கள். அவர்களின் லைசென்ஸையோ அங்கீகாரத்தையோ ரத்து செய்ய அரசு நினைத்தால், அங்கே எதை யார் நிரூபிக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

கோர்ட்டில் என்ன விதி?

முதலில் குற்ற வழக்கைப் பார்த்துவிடலாம். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985இல் வந்தது. என்.டி.பி.எஸ். சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் இரண்டு பிரிவுகள் முக்கியம்.

பிரிவு 54: ஒருவரிடம் போதைப்பொருள் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் திருப்தியாகக் கணக்குச் சொல்லாவிட்டால், அவர் குற்றம் செய்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். பிரிவு 35: குற்ற எண்ணம் இருந்ததாகவே கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர்.

இது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அமிர்தசரஸ் விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட ஆப்கானிஸ்தான் நாட்டவர் நூர் ஆகாவின் வழக்கு அது. 2008இல் தீர்ப்பு வந்தது. இரண்டு பிரிவுகளும் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு கடிவாளமும் போட்டது. பொருள் பிடிபட்டது, அது அவர் கைவசம்தான் இருந்தது என்கிற அடிப்படை விஷயங்களை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் சுமை அவர் பக்கம் போகும். அப்போதும் அரசு நிரூபிக்க வேண்டிய அளவுக்கு அவர் நிரூபிக்கத் தேவையில்லை. அந்த வழக்கில் நூர் ஆகா விடுதலையும் ஆனார்.

அடுத்த கடிவாளம் தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே வந்தது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு, 2020 அக்டோபர் 29. போதைப்பொருள் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் தீர்ப்பு சொன்னார்கள்.

ஆக, கோர்ட்டில் சட்டம் கடுமைதான். ஆனால் யார் எதை, எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்று அங்கே எழுதியாவது இருக்கிறது.

லைசென்ஸ் விசாரணையில்?

இப்போது சதுரங்கப்பட்டினத்திலேயே ஒரு மெடிக்கல் ஷாப் என்று வைத்துக்கொள்வோம். பேர் எதுவும் வேண்டாம், கற்பனைக் கடைதான். டச்சுக் கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு கடை. முதலாளி ஒருவர், மருந்தாளுநர் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் எல்லாம் அங்கே உண்டு.

இவை 'ஹெச்1' பட்டியல் மருந்துகள். 2014 மார்ச் 1 முதல் இந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு என எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடாலை என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். மருந்துச் சட்டத்தில் வழக்கு இருக்கிறது என்பதற்காக என்.டி.பி.எஸ். வழக்கு போடக் கூடாது என்று சொல்ல முடியாது என 2018 டிசம்பரில், பஞ்சாப் அரசு எதிர் ராகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது ஒரே மாத்திரை அட்டைக்கு லைசென்ஸும் போகலாம், ஜெயிலும் வரலாம்.

ஒரு நாள் மருந்து ஆய்வாளர் வருகிறார். ஸ்டாக்கை எண்ணுகிறார். நோட்டில் உள்ள கணக்கும் அலமாரியில் உள்ள அட்டையும் ஒத்துப்போகவில்லை. அடுத்து வருவது, 'உங்கள் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது?' என்று விளக்கம் கேட்கும் ஷோகாஸ் நோட்டீஸ்.

இங்கே பொருந்துவது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 66ஆவது விதி. லைசென்ஸ் நிபந்தனையை மீறியதாக உரிமம் வழங்கும் அதிகாரி 'கருதினால்', விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுத்துவிட்டு, காரணங்களை எழுத்தில் சொல்லி, உரிமத்தை ரத்து செய்யலாம் அல்லது நிறுத்தி வைக்கலாம். பாதிக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் மாநில அரசிடம் அப்பீல் செய்யலாம்.

அந்த 'கருதினால்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மீறல் நடந்தது என்பதை முதலில் துறைதான் நிரூபிக்க வேண்டும் என்று இந்த விதியில் ஒரு வரி கிடையாது. எந்த அளவு ஆதாரம் போதும் என்றும் கிடையாது.

ஆனால் கடைக்காரர் எதை நிரூபிக்க வேண்டும் என்பது மட்டும் விவரமாக இருக்கிறது. தப்பு செய்தது கடைப் பையன் என்றால், முதலாளி அதற்குத் தூண்டவில்லை, உடந்தையாக இல்லை என்று அதிகாரி திருப்தி அடையும்படி நிரூபிக்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் இதே மாதிரி தப்பு எதுவும் நடக்கவில்லை, அல்லது நடந்திருந்தாலும் தனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றும் நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் உரிமம் தப்பும்.

அரசின் சுமை பற்றி மௌனம், கடைக்காரரின் சுமை பற்றி மட்டும் முழு விவரம். பிரச்னை ஆரம்பிப்பது இங்கேதான்.

கணக்கு காட்டுவது வேறு, தப்பில்லை என்று நிரூபிப்பது வேறு

"நோட்டு கடைக்காரர் கையில்தானே இருக்கிறது? அவர்தானே கணக்கு சொல்ல வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியமிலும் பிரிவு 109ஆக இருக்கிறது.

ஆனால் இங்கே இரண்டு சுமைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. நோட்டைக் காட்டு, பில்லைக் காட்டு, 40 மாத்திரை எங்கே போனது என்று சொல் என்பது கணக்கு காட்டும் பொறுப்பு. அது கடைக்காரருடையதுதான், அதில் தகராறு இல்லை. அந்த 40 மாத்திரை போதைக்காக விற்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அதை நிரூபிக்க வேண்டியது, அப்படிச் சொல்கிற துறை. நோட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்றால் நோட்டு சரியாக எழுதவில்லை என்று அர்த்தம். அதுவும் மீறல்தான், அதற்கேற்ற நடவடிக்கை எடுக்கலாம். அதை வைத்தே 'போதை வியாபாரம்' என்று முடிவு கட்டினால், நடுவில் ஒரு படி காணாமல் போகிறது.

இது குற்ற வழக்கு கிடையாது, அதனால் 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை என்பதும் உண்மை. நிர்வாக விசாரணையில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தாலே போதும். ஆனால் அப்படிப் பார்ப்பதற்கும் தராசின் ஒரு தட்டில் அரசு ஏதாவது வைத்தாக வேண்டுமே. வெறும் சந்தேகத்தை மட்டும் வைத்துவிட்டு, எதிர்த்தட்டில் உள்ளவரைப் பார்த்து 'நிரூபி' என்றால் தராசு எதற்கு?

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

இந்த இடத்தில் உதவுகிற தீர்ப்பு ஒன்று மீன் வியாபாரத்திலிருந்து வருகிறது. ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் என்ற கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழை, கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ரத்து செய்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. காரணம், ஷோகாஸ் நோட்டீஸிலேயே 'தப்பு நிரூபணமாகிவிட்டது' என்கிற தொனி இருந்தது. முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் கேட்பது வெறும் சடங்கு என்பதுதான் தீர்ப்பின் சாரம். நோட்டீஸில் குற்றச்சாட்டு இருக்கலாம், தீர்ப்பு இருக்கக் கூடாது.

2014இல் கோர்கா செக்யூரிட்டி வழக்கில் இன்னொன்று தெளிவானது. என்ன குற்றச்சாட்டு என்பதோடு, என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறோம் என்பதும் நோட்டீஸிலேயே புரிய வேண்டும். மொஹிந்தர் சிங் கில் வழக்கின் 1977ஆம் ஆண்டு தீர்ப்பு இன்னும் பழசு. உத்தரவில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த உத்தரவு நிற்கும். பிறகு கோர்ட்டுக்கு வந்து புதுக் காரணம் சேர்க்க முடியாது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால், ஆதாரத்தை முதலில் வைக்க வேண்டியது அரசுதான் என்ற இடத்துக்குத்தான் வர முடியும். சிக்கல் என்னவென்றால், இந்தத் தீர்ப்புகள் எல்லாம் உயர் நீதிமன்றம் போய் ரிட் போடும் வசதி உள்ளவருக்குத்தான் கைகொடுக்கும். சின்னக் கடைக்காரர் வக்கீல் வைத்து, தடை உத்தரவு வாங்குவதற்குள் கடை ஷட்டர் எத்தனை மாதம் மூடிக் கிடக்கும்?

அமெரிக்காவில் எப்படி?

அங்கே கட்டுப்பாட்டு மருந்தைக் கையாளும் டாக்டரும் மருந்துக்கடையும் 'டி.இ.ஏ.' என்ற போதைப்பொருள் அமலாக்க அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவை ரத்து செய்ய நினைத்தால் டி.இ.ஏ. நோட்டீஸ் அனுப்பும். 30 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். நிர்வாக நீதிபதி ஒருவர் முன் விசாரணை நடக்கும். அந்த விசாரணையில் நிரூபிக்கும் பொறுப்பு டி.இ.ஏ.வுடையது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பதிவு தர மறுக்கும்போதும் டாக்டர், மருந்துக்கடை விஷயத்தில் இதேதான். சில வகை உற்பத்தியாளர்கள் உள்ளிட்ட சிலருக்குச் சுமை விண்ணப்பதாரர் பக்கம் இருக்கிறது.

டி.இ.ஏ. தன் பங்கை நிரூபித்துவிட்டால், பிறகு சுமை கடைக்காரர் பக்கம் வரும். தவறை ஒப்புக்கொண்டாரா, இனி நடக்காது என்று ஏன் நம்ப வேண்டும் என்று அவர் காட்ட வேண்டும். நூர் ஆகா தீர்ப்பில் உள்ள அதே வரிசை இங்கேயும் வருகிறது: முதலில் அரசு, பிறகு அவர். மக்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் விசாரணைக்கு முன்பே பதிவை நிறுத்தி வைக்கவும் அங்கே அதிகாரம் உண்டு. ஆக, சுமையை அரசு ஏற்றுக்கொண்டால் நடவடிக்கை தாமதமாகும் என்ற வாதமும் நிற்காது.

அமெரிக்க முறை சொக்கத்தங்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் கடைசி முடிவு டி.இ.ஏ. தலைவர் கையில்தான். ஆனாலும் விசாரணைக்குப் போகிறவருக்கு யார் முதலில் பேச வேண்டும் என்பதாவது தெரியும்.

இதில் நோயாளி எங்கே வருகிறார்?

கடைக்காரருக்கும் துறைக்கும் உள்ள தகராறு என்று இதை விட்டுவிட முடியாது. கடைசியில் விலை கொடுப்பவர் வலியில் கிடப்பவர்.

மார்ஃபின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. அதன் மூலப்பொருளான ஓப்பியம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், இந்தியாவில் கடும் வலியில் உள்ள பெரும்பாலானோருக்கு அந்த மருந்து போய்ச் சேருவதில்லை.

ஒரு காலத்தில் மார்ஃபின் வாங்க ஒரு ஆஸ்பத்திரி பல லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. 2014இல் என்.டி.பி.எஸ். சட்டத்தைத் திருத்தினார்கள். 2015 மே மாதம் புது விதிகள் வந்தன. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' ஆயின. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் வாங்கினால் போதும், பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும், கணக்கு வைத்திருக்க வேண்டும். நல்ல திருத்தம்தான்.

ஆனால் காகிதத்தில் கதவு திறந்தாலும் மனசுக்குள் பயம் போகவில்லை. கணக்கில் ஒரு ஆம்பூல் குறைந்தால் என்ன ஆகும்? அங்கீகாரம் போகுமா? பேர் கெடுமா? அங்கிருந்து போலீஸ் கேஸ் வரை போகுமா? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் சின்ன ஆஸ்பத்திரி எடுக்கிற முடிவு ரொம்ப சிம்பிள்: "நமக்கு எதுக்கு வம்பு, அந்த மருந்தே வேணாம்."

அந்த ஒரு வரியில் சதுரங்கப்பட்டினத்தில் உள்ள ஒரு புற்றுநோயாளி சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ, அதைவிடத் தூரம் அடையாறுக்கோ போக வேண்டியதாகிறது. நடக்கவே முடியாதவர், பஸ்ஸில். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை தருவதாகச் சொல்கிறது. வருகிற நர்ஸின் பையில் போதுமான மருந்து இருக்க வேண்டுமென்றால், பக்கத்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பயமில்லாமல் அதை ஸ்டாக் வைத்திருக்க வேண்டும்.

எதிர்வாதமும் இருக்கிறது

வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் நிஜமான பிரச்னை. சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாக விற்கிற கடைகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பிள்ளையை இழந்த தாயிடம் போய், "கடைக்காரருக்கும் உரிமை இருக்கிறது" என்று பாடம் நடத்த முடியாது. ஆய்வாளர்களின் எண்ணிக்கை குறைவு, கடைகள் அதிகம் என்ற துறையின் கஷ்டமும் பொய்யில்லை.

ஆனால் ஆதாரத்தோடு போகிற துறைக்குத்தான் கேஸ் நிற்கும். ஒரு வரி நோட்டீஸ், காரணம் சொல்லாத உத்தரவு என்று போனால், உண்மையிலேயே தப்பு செய்த கடைக்காரர்தான் நல்ல வக்கீலைப் பிடித்து உயர் நீதிமன்றத்தில் உத்தரவை உடைத்துவிட்டு மறுநாள் கடை திறப்பார். நோட்டில் ஒரு வரி விட்டுப்போன அப்பாவி மாட்டிக்கொள்வார்.

என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் தேவையில்லை. விதியில் சில வரிகள் போதும்.

ஒன்று, உரிமத்தையோ அங்கீகாரத்தையோ ரத்து செய்யும் விசாரணையில், மீறல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு துறையுடையது என்று விதியிலேயே எழுத வேண்டும். அது நிரூபணமான பிறகு, தன் மேல் ஏன் நடவடிக்கை வேண்டாம் என்று காட்டும் பொறுப்பு உரிமதாரருக்கு.

இரண்டு, நோட்டீஸில் தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண், எத்தனை குறைகிறது, எந்த விதி மீறப்பட்டது, என்ன நடவடிக்கை உத்தேசம் என எல்லாம் இருக்க வேண்டும். ஆய்வறிக்கையின் நகலும் கூடவே வர வேண்டும்.

மூன்று, எழுத்துப் பிழைக்கும் கள்ள விற்பனைக்கும் ஒரே தண்டனை கூடாது. நோட்டு சரியாக எழுதாததற்கு எச்சரிக்கை, குறுகிய கால நிறுத்தம் என்று படிப்படியாகப் போகலாம்.

நான்கு, உடனடி ஆபத்து இருந்தால் உடனே நிறுத்தி வைக்கலாம். ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் முழு விசாரணை முடிய வேண்டும். அப்பீலுக்கும் காலக்கெடு வேண்டும்.

கொக்கிலமேட்டில் கரை ஒதுங்கிய டிரம்முக்கு லைசென்ஸும் கிடையாது, நோட்டும் கிடையாது. அங்கே சட்டம் கடுமையாக இருப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் லைசென்ஸ் எடுத்து, நோட்டு எழுதி, ஆய்வாளர் வந்தால் அலமாரியைத் திறந்து காட்டுகிறவரையும் அதே சந்தேகக் கண்ணோடு பார்த்தால், அவர் அந்த மருந்தை வாங்கி வைப்பதையே நிறுத்திவிடுவார். கடத்துகிறவர் எதையும் நிறுத்தப் போவதில்லை. அவர் லைசென்ஸ் கேட்டு வருவதும் இல்லை.